ஃபோகஸ் குரூப்பைப் பார்க்க வரும் கம்பெனிக்காரர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

ஃபோகஸ் குரூப் என்பது, ஒரு பொருளை வாங்கக்கூடிய 6 முதல் 10 பேரை உட்காரவைத்து, நடத்துநர் ஒருவர் பேச்சுக் கொடுத்துக் கருத்தறியும் கூட்டம். பணம் போட்ட கம்பெனிக்காரர்கள் பெரும்பாலும் அடுத்த அறையில், ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து கவனிப்பார்கள்.

அங்கே விளக்கைக் குறைத்தே வைக்க வேண்டும். கண்ணாடியில் மாயம் ஒன்றுமில்லை. இந்தப் பக்கம் இருட்டாக இருப்பதால்தான் ஆள் தெரிவதில்லை. லேப்டாப் திரைகூடக் காட்டிக்கொடுத்துவிடும். சத்தம் அதைவிட மோசம். பெண் பார்க்கும் வீட்டில் உள்ளறையிலிருந்து கெக்கலிச் சிரிப்பு கேட்டால் கூடத்தில் பேச்சு எப்படி அடங்கிப்போகுமோ, அப்படித்தான் இங்கேயும். நம்மைக் கேலி செய்கிறார்கள் என்று தோன்றிவிட்டால் அப்புறம் யாரும் மனசில் உள்ளதைச் சொல்லமாட்டார்கள்.

நடத்துநருக்கு நிமிஷத்துக்கொரு சீட்டு அனுப்பாதீர்கள். பேச்சின் ஓட்டம் அறுந்துவிடும். கேள்விகளைச் சேர்த்துவைத்து, முடிவதற்குச் சற்று முன் ஒரே தடவையாகக் கொடுங்கள். முதல் ஆள் திட்டியதுமே விளம்பரத்தை மாற்றக் கிளம்புகிறவர்களும் உண்டு. முழுசாகக் கேளுங்கள், சார்!

இது ஒளிந்திருந்து ஒட்டுக்கேட்பது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, முறையாக நடத்தும் கூட்டத்தில், ஆட்கள் கவனிக்கிறார்கள் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவார்கள்.