கதிரியக்க சோர்ஸ் மாட்டிக்கொண்டது, "பேப்பர் வேலை வேண்டாம் சார்" என்கிறார்கள்: என்ன செய்வது?

கேள்வி: அம்பத்தூரில் பிரஷர் வெசல் செய்யும் ஒரு கம்பெனியில் பாதுகாப்பு அலுவலராக இருக்கிறேன். போன வாரம் இரவு ஷிப்டில் ஒரு வெளி கான்ட்ராக்ட் குழு வந்து வெல்டிங் ஜாயின்டுகளை ஆர்.டி. (கதிர்வீச்சால் படமெடுத்துக் குறை பார்க்கும் ரேடியோகிராபி சோதனை) எடுத்தது. ஒரு ஷாட் முடிந்தபின் சோர்ஸ், அதாவது கதிர்வீச்சைத் தரும் கதிரியக்கப் பொருள், கேமரா எனப்படும் அதன் கவசப் பெட்டிக்குள் திரும்பாமல், அது போய்வரும் குழாயிலேயே மாட்டிக்கொண்டது. நான்கு மணி நேரம் கழித்துத்தான் உள்ளே இழுத்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, பேப்பர் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். பக்கத்து ஷெட்டில் எங்கள் வெல்டர்கள் இருந்தார்கள். இதை அரசுக்குச் சொல்ல வேண்டியது யார்? சொல்லிவிட்டார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: சொல்ல வேண்டியவர் கேமராவுக்கு உரிமம் வைத்திருப்பவர், அதாவது அந்த கான்ட்ராக்ட் கம்பெனி. 2004-ஆம் ஆண்டின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளின்படி, சோர்ஸ் சம்பந்தப்பட்ட விபத்தையோ சோர்ஸ் தொலைந்ததையோ 24 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். போய்ச் சேர வேண்டிய இடம் மும்பையில் இருக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். 1983-இல் அமைந்தது, தொழிலில் இருப்பவர்கள் ஏ.இ.ஆர்.பி. என்பார்கள். அந்தக் கம்பெனியின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலருக்கும் (ஆர்.எஸ்.ஓ.) தனிக் கடமை உண்டு: ஆபத்தான நிலைமை எதுவாக இருந்தாலும், உடனே என்ன செய்தோம் என்பதோடு சேர்த்து முதலாளிக்கு அறிக்கை தந்து, வாரியத்துக்கு நகல் அனுப்ப வேண்டும்.

ஆள் அடிபட்டால்தான் விபத்து என்பது பல ஆர்.டி. குழுக்களின் கணக்கு. என் கணக்கில், நான்கு மணி நேரம் கவசத்துக்கு வெளியே கிடந்த சோர்ஸ் விபத்துதான். ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

கேமராவில் இருந்தது 30 கியூரி (கியூரி என்பது சோர்ஸின் வலிமையை அளக்கும் அலகு) இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கவசமில்லாமல் 1 மீட்டரில் அது மணிக்கு ஏறக்குறைய 140 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) கொடுக்கும். தூரம் இரண்டு மடங்கானால் அளவு நான்கில் ஒன்றாகும், பத்து மடங்கானால் நூறில் ஒன்றாகும். ஆக 10 மீட்டரில் மணிக்கு 1.4, நான்கு மணி நேரத்தில் ஐந்தரைக்கு மேல். பொதுமக்களுக்கான ஆண்டு வரம்பே 1 மில்லிசீவர்ட்தான். அதே வெல்டர் 50 மீட்டர் தள்ளி இருந்திருந்தால் மொத்தமே 0.2 சுமார். நடுவில் சுவரோ தடித்த இரும்போ இருந்தால் இன்னும் குறையும். ஐந்தரை என்பதும் உடம்பில் உடனே எதையும் காட்டாது, வெல்டர்களைப் பயமுறுத்தாதீர்கள். சாதாரண ரத்தப் பரிசோதனையிலும் இந்த அளவு தெரியாது, அதற்கு ஓடி அலைய வேண்டாம். ஆனால் யார் எத்தனை மீட்டரில், எவ்வளவு நேரம் நின்றார் என்பதை இன்றைக்கே எழுதாவிட்டால், அடுத்த மாதம் இந்தக் கணக்கை யாராலும் போட முடியாது. இரிடியத்தின் அரை ஆயுள் (வலிமை பாதியாகக் குறையும் காலம்) 74 நாள்தான் என்பதால், அன்றைக்கு எத்தனை கியூரி இருந்தது என்பதையும் சோர்ஸின் சார்ட்டைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

சோர்ஸ் கழன்று கீழே விழுந்திருந்தால் கதையே வேறு. 1999-இல் பெரு நாட்டின் யானங்கோவில் ஒரு வெல்டர் கீழே கிடந்த இரிடியம் சோர்ஸை என்னவென்று தெரியாமல் எடுத்துப் பேன்ட் பையில் போட்டுக்கொண்டார். சில மணி நேரம்தான். கடைசியில் ஒரு காலையே எடுக்க வேண்டியதாயிற்று. நம் நாட்டில் 2010-இல் டெல்லி மாயாபுரியில், ஒரு பல்கலைக்கழகம் ஏலம் விட்ட பழைய கருவியிலிருந்து கோபால்ட்-60 காயலான் கடைக்குப் போய் ஒருவர் இறந்தார். அணு, கதிர்வீச்சு விபத்துகளைத் தரம் பிரிக்கும் பன்னாட்டு அளவுகோலில் ஏழுக்கு நான்காம் நிலை அது. தொலைந்த சோர்ஸ் என்றால் வாரியத்தோடு உள்ளூர் போலீசுக்கும் உடனே சொல்ல வேண்டும் என்று விதி இருப்பது இதனால்தான்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் கான்ட்ராக்ட் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல்: தேதி, நேரம், நடந்தது, ஏ.இ.ஆர்.பி.க்கு அனுப்பிய அறிக்கையின் நகல் வேண்டும். போனில் பேசி முடிக்காதீர்கள். இரண்டொரு நாளில் பதில் வராவிட்டால் நீங்களே வாரியத்துக்கு எழுதலாம், உரிமம் இல்லாதவர் எழுதக் கூடாது என்று எங்கும் இல்லை. வாரியத்தின் தென் மண்டல மையம் சென்னையிலேயே இருக்கிறது. கடிதத்தில் குற்றச்சாட்டு வேண்டாம், பார்த்ததை மட்டும் எழுதுங்கள். வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்களோ என்ற பயம் இருந்தால் நிர்வாகத்தின் பெயரிலேயே அனுப்பச் செய்வது நல்லது. இடம் அவர்களுடையது, அவர்களுக்கும் இது பாதுகாப்புதான்.

அறிக்கை போனதா என்று பார்ப்பதில்தான் நாம் கொஞ்சம் பின்தங்கியிருக்கிறோம். அமெரிக்காவில் இப்படி ஒரு தகவல் வந்தால் அணு ஒழுங்குமுறை ஆணையம் அதைத் தன் தளத்தில் வெளியிடும். வார நாட்களில் தினமும் புதுப் பட்டியல் வரும். இங்கே வாரியத்தின் ஆண்டறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டும், அதிலும் சுருக்கமாகத்தான் இருக்கும். அவசரமென்றால் தகவல் உரிமைச் சட்டம்: பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். அறிக்கையின் முழு நகலைக் கேட்டால் மூன்றாம் தரப்பின் தகவல் என்று இழுத்தடிக்க வாய்ப்புண்டு. "இந்தத் தேதியில், அம்பத்தூரில் இந்த முகவரியில் நடந்ததாக ஏதேனும் தகவல் வந்ததா, வந்திருந்தால் எந்தத் தேதியில்?" என்று மட்டும் கேளுங்கள்.

அப்புறம், அடுத்த ஒர்க் ஆர்டரில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: சோர்ஸ் மாட்டினாலோ கழன்றாலோ, வாரியத்துக்குப் போகும் அறிக்கையின் நகல் 24 மணி நேரத்துக்குள் எங்களுக்கும் வர வேண்டும், வராவிட்டால் பில் பாஸ் ஆகாது.