வீட்டில் தீப்பிடித்த பிறகு: இன்சூரன்ஸுக்குச் சாமான் கணக்கு காட்டுவது எப்படி?

கேள்வி: அமெரிக்காவில் ஒரு அபார்ட்மென்டில் வாடகைக்கு இருக்கிறோம். போன வாரம் கீழ்வீட்டுச் சமையலறையில் பிடித்த தீ எங்கள் வீட்டுக்கும் ஏறிவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. படுக்கையறை எரிந்துபோனது, ஹால் முழுக்கப் புகையும் தண்ணீரும். 30,000 டாலருக்கு ரென்டர்ஸ் இன்சூரன்ஸ் (வாடகைக்கு இருப்பவர்கள் தங்கள் சாமானுக்கு எடுப்பது) இருக்கிறது. போன பொருட்களின் பட்டியலைக் கொடுங்கள் என்கிறார் அட்ஜஸ்டர், அதாவது சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பியவர். பாதிக்கு மேல் பில் இல்லை. நகையும் பட்டுப்புடவையும் ஊரில் வாங்கியவை. ஊரிலிருந்து வந்து தங்கியிருந்த மாமனார், மாமியாரின் பெட்டிகளும் போய்விட்டன. எப்படிக் கணக்கு காட்டுவது?

பதில்: எல்லாரும் பத்திரமாக வெளியே வந்துவிட்டீர்கள், அது போதும். சரி, காரியத்துக்கு வருவோம். எரிந்த சாமான்கள் இன்னும் அறையிலேயே கிடக்கின்றனவா, இல்லை கட்டட உரிமையாளர் ஆள் வைத்து அள்ளிவிட்டாரா? கிடக்கின்றன என்றால், இன்றைக்கே அவருக்கும் அட்ஜஸ்டருக்கும் சேர்த்து ஒரு மின்னஞ்சல் போடுங்கள். "நானும் இன்சூரன்ஸ் தரப்பும் பார்த்து முடிக்கும்வரை என் பொருள் எதையும் அப்புறப்படுத்த வேண்டாம்" என்று இரண்டு வரி போதும். கட்டடத்துக்கு அவர் தனியாக இன்சூரன்ஸ் எடுத்திருப்பார். அது சுவருக்கும் கூரைக்கும்தான். உங்கள் சாமானுக்கு உங்கள் பாலிசியை விட்டால் வேறு கதியில்லை. வேலையைச் சீக்கிரம் முடிக்கும் அவசரம் அவருக்கு இருக்கலாம், அதற்காக உங்கள் சாட்சியம் குப்பை வண்டியில் ஏறிவிடக் கூடாது.

ஆம், கரியும் சாட்சியம்தான். தீயணைப்புத் துறையினர் உள்ளே போகலாம் என்று சொன்ன பிறகு, முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு அறையின் நான்கு மூலையிலிருந்தும் படம் எடுங்கள். அப்புறம் கிட்டே போய் எடுங்கள். துணி அலமாரியில் துணி ஒன்றுமே மிஞ்சாமல் போயிருக்கலாம், ஆனால் ஹேங்கரின் கம்பிக் கொக்கிகள் கிடக்கும். அவற்றை எண்ணினால் எத்தனை உடுப்பு தொங்கியது என்று தெரிந்துவிடும். மின்சாதனங்களின் அடியில் மாடல் எண் பொறித்த தகடு பல நேரம் படிக்கிற நிலையில் இருக்கும். உருகிப்போன லேப்டாப்பைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள், புரட்டிப் பார்த்துப் படம் எடுங்கள்.

இனி பட்டியல். பணம் கூடுவதும் குறைவதும் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது, அட்ஜஸ்டரின் மனசில் இல்லை. "சமையல் பாத்திரங்கள், 300 டாலர்" என்று ஒரே வரியில் எழுதிக் கொடுப்பவர்கள் நிறையப் பேர். அந்த வரியை வைத்துக்கொண்டு அவரால் ஒன்றும் செய்ய முடியாது, பேசிக் குறைக்கத்தான் முடியும். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: ஐந்து லிட்டர் ஸ்டீல் குக்கர் ஒன்று, இன்ன பிராண்டு, மூன்று வருடம் ஆகிறது, வாங்கியது இவ்வளவுக்கு, இன்று அதே போல் ஒன்று வாங்க இவ்வளவு. அடுத்த வரியில் இட்லிப் பாத்திரம். அதற்கடுத்து கரண்டிகள், எத்தனை என்ற எண்ணோடு. கூட்டிப் பார்த்தால் அந்த 300 நீங்களே நம்பாத ஒரு தொகையில் போய் நிற்கும். எதையும் மிகைப்படுத்தவில்லை, இருந்ததை எழுதினீர்கள், அவ்வளவுதான்.

அறை அறையாகப் போங்கள். மனசுக்குள் ஒவ்வொரு கதவாகத் திறங்கள், ஒவ்வொரு இழுப்பறையாக இழுங்கள். குளியலறை வாஷ்பேசினுக்கு அடியில் இருக்கும் அலமாரியைத்தான் அநேகமாக எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ஹேர் டிரையர், டிரிம்மர், துண்டுகள், பிரிக்காத ஷாம்பு எல்லாம் அங்கேதான் இருக்கும். கட்டிலுக்கு அடியிலும் குளிர்கால உடுப்பு மூட்டையிலும் என்ன இருந்தது என்று கணவன், மனைவி இருவரும் தனித்தனியாக எழுதிவிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருவர் மறந்தது இன்னொருவர் தாளில் இருக்கும். ஒரே உட்காரலில் முடியாது. ஒரு வாரம் தலையணைப் பக்கத்தில் நோட்டு இருக்கட்டும்.

பில் இல்லை என்று கவலைப்படுகிறீர்கள். பில் ஒன்றுதான் ஆதாரம் என்று பாலிசி சொல்வதில்லை. ஆன்லைன் கடைகளின் பழைய ஆர்டர் பக்கங்கள், கிரெடிட் கார்டு கணக்கு, வங்கிக் கணக்கு, வாரன்டி பதிவு செய்த மின்னஞ்சல், இவை எல்லாம் செல்லும். எல்லாவற்றையும் விட உதவுவது உங்கள் போனில் இருக்கும் பழைய படங்கள். பிள்ளையின் பிறந்தநாள் படத்தில் கேக்கைப் பார்க்காதீர்கள், பின்னால் தெரியும் டிவியையும் சோபாவையும் திரைச்சீலையையும் பாருங்கள். ஊருக்கு வீடியோ காலில் வீட்டைச் சுற்றிக் காட்டியிருப்பீர்களே, உறவினர் யாராவது அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தால் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது பாலிசியின் முதல் பக்கம். உங்கள் பாலிசி பொருளின் இன்றைய மதிப்பைக் கொடுக்கிறதா, புதிதாக வாங்கும் விலையைக் கொடுக்கிறதா என்று அதில் இருக்கும். ஐந்து வருடத்துக்கு முன் வாங்கிய சோபா. அதே தரத்தில் இன்று வாங்க 1,200 டாலர். அதன் ஆயுள் பத்து வருடம் என்று எடுத்துக்கொண்டால், இன்றைய மதிப்பு 600. முதல் வகைப் பாலிசி அந்த 600-ஐக் கொடுத்துவிட்டு நிறுத்திவிடும். இரண்டாவது வகையில் முதலில் 600-க்குச் செக் வரும், நீங்கள் சோபாவை வாங்கி பில்லைக் காட்டினால் மீதி 600 வரும். பலர் முதல் செக்கைப் பார்த்து "இவ்வளவுதானா" என்று ஒடிந்துபோய், மீதியைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். கேட்பதற்குக் கெடு உண்டு. பரவலாகப் புழங்கும் பாலிசி வாசகத்தில், மீதியைக் கேட்கப்போகிறேன் என்று 180 நாளுக்குள் தெரிவிக்கச் சொல்லியிருக்கும். கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களில் சட்டமே கூடுதல் அவகாசம் கொடுக்கிறது. எதற்கும் இப்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

இந்தத் தேய்மானக் கணக்கால்தான் இன்னொன்றும் சொல்கிறேன். கூட்டல் 30,000-ஐத் தொட்டவுடன் "இதற்கு மேல் எப்படியும் கிடைக்காது" என்று பேனாவை மூடி வைக்காதீர்கள். நீங்கள் எழுதிய 42,000 தேய்மானம் கழிந்து 26,000-க்கு இறங்கிவிடலாம். எழுதாமல் விட்ட பொருளுக்கு யாரும் பணம் தரப்போவதில்லை.

நகைக்கு வருகிறேன். நகைக்கு 1,500 டாலர்தான் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருக்கலாம். அமெரிக்காவின் ரென்டர்ஸ் பாலிசிகளில் பெரும்பாலானவை ஹெச்ஓ-4 என்ற பொதுப் படிவத்தை ஒட்டியவை. அந்தப் படிவத்தில் 1,500 என்ற உச்சவரம்பு நகை திருட்டுப் போனால்தான். தீயில் போன நகையை அது கட்டுப்படுத்தாது. சில கம்பெனிகள் வாசகத்தை மாற்றி எல்லா இழப்புக்கும் வரம்பு வைத்திருக்கும். அதனால் உங்கள் பாலிசியில் அந்த ஒரு வரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். அதே படிவத்தில் நம்மவர்களுக்கென்றே வைத்த மாதிரி ஒரு பொறியும் இருக்கிறது. தங்கக் காசும் தங்கக் கட்டியும் ரொக்கப் பணத்தோடு ஒரே பிரிவில் வரும், எல்லாம் சேர்த்தே வரம்பு 200 டாலர். ஆக, சங்கிலி நகைக் கணக்கில் வரும், அட்சய திருதியைக்கு வாங்கி வைத்த தங்கக் காசு ரொக்கக் கணக்கில் வரும். பட்டியலில் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். நகை உருகியிருந்தாலும் தங்கம் எங்கும் போய்விடாது, சாம்பலைச் சலித்துப் பாருங்கள். கிடைத்ததை மறைக்கவும் வேண்டாம். ஒரு பொருளில் பொய் சொன்னது தெரிந்தால் மொத்த கிளெய்மையும் மறுக்க பாலிசியில் வழி இருக்கிறது.

ஊரில் வாங்கிய நகைக்குக் கடையிலேயே பழைய பில்லின் நகல் கேட்டுப் பாருங்கள். எடையும் காரட்டும் தெரிந்தால் போதும், விலையை எவரும் கணக்கிட்டுவிடலாம். புடவையில்தான் சிக்கல். "சில்க் சாரி" என்று எழுதினால் அட்ஜஸ்டர் இணையத்தில் தேடி 40 டாலர் என்று போடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்குத் தெரிந்தது அதுதான். கைத்தறி, தூய பட்டு, வெள்ளி ஜரிகை, திருமணப் புடவை என்று எழுதி, உடுத்திய கல்யாணப் படத்தையும் அதே தரப் புடவையை அமெரிக்காவுக்கு அனுப்பும் கடையின் விலை தெரியும் இணையப் பக்கத்தையும் இணையுங்கள். ரூபாயில் பில் இருந்தால் அதையும் வையுங்கள்.

மாமனார், மாமியாரின் பெட்டிகளையும் விட்டுவிட வேண்டாம். உங்கள் வீட்டில் தங்கிய விருந்தினரின் பொருளையும், நீங்கள் கேட்டுக்கொண்டால், உங்கள் பாலிசியிலேயே சேர்க்க அந்தப் படிவம் இடம் கொடுக்கிறது. கேட்டுக்கொண்டால் என்பதைக் கவனியுங்கள். கம்பெனி தானாகக் கொடுக்காது, நீங்கள்தான் எழுதிக் கேட்க வேண்டும். வீட்டைப் பகிர்ந்துகொள்ளும் நண்பரின் கதை வேறு. அவர் பெயர் பாலிசியில் இல்லை என்றால் அவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது.

ஹாலில் எரியவில்லையே என்று அதை ஒதுக்காதீர்கள். புகையும், அணைக்க அடித்த தண்ணீரும் தீயால் வந்த சேதம்தான். கரி படிந்த மின்சாதனங்களை "ஓடுதா பார்ப்போம்" என்று போட்டுப் பார்க்காதீர்கள். சோபாவைச் சுத்தம் செய்து தருகிறோம் என்று இன்சூரன்ஸ் தரப்பில் சொல்வார்கள், செய்யட்டும். வாடை போகவில்லை என்றால் அதை எழுத்தில் சொல்லி மாற்றுப் பொருள் கேளுங்கள். சூடும் புகையும் பட்ட மளிகையும் மருந்தும் குப்பைக்குத்தான் போக வேண்டும், ஆனால் எழுதி, படம் எடுத்த பிறகு.

இப்போது ஹோட்டலிலோ நண்பர் வீட்டிலோ இருப்பீர்கள். அந்தச் செலவுக்குப் பாலிசியில் தனிப் பிரிவு உண்டு, ஆனால் வழக்கத்துக்கு மேல் ஆகும் செலவுக்கு மட்டும். மாதம் 600 டாலரில் சாப்பிட்டவர்களுக்கு இப்போது 1,100 ஆகிறது என்றால் 500 கிடைக்கும். சின்ன ரசீதையும் விடாமல் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கீழ்வீட்டார் வந்து வருத்தப்பட்டு ஏதாவது தொகை கொடுத்து கையெழுத்துக் கேட்டால், போட வேண்டாம். உங்கள் கம்பெனி உங்களுக்குக் கொடுத்ததை அவர்கள் பக்கம் வசூலிக்கும் உரிமை அதற்கு உண்டு. நீங்கள் விட்டுக்கொடுத்துவிட்டால் அந்த வழி அடைபடும், உங்கள் கிளெய்மும் சிக்கலாகும். வசூலானால் டிடக்டிபிள் என்று இழப்பில் நீங்களே ஏற்ற தொகையும் திரும்பி வர வாய்ப்பு இருக்கிறது.

கம்பெனி இழப்பு உறுதிமொழிப் படிவம் கேட்டால், கேட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் கையெழுத்திட்டுக் கொடுப்பது வழக்கமான விதி. அதற்குள் பட்டியல் முடியாது போலிருந்தால் முன்கூட்டியே எழுத்தில் அவகாசம் கேளுங்கள். தொகை குறைவாக வந்தால் சண்டை போடாதீர்கள், எந்தப் பொருளுக்கு எவ்வளவு தேய்மானம் கழித்தீர்கள் என்று வரி வரியாகக் காட்டும் தாளைக் கேளுங்கள். மூன்று வருட மரக் கட்டிலுக்கு 60 சதவீதம் கழித்திருப்பது அப்போதுதான் கண்ணில் படும். அதற்கும் மசியவில்லை என்றால் உங்கள் மாநில இன்சூரன்ஸ் துறையில் புகார் கொடுக்கலாம், கட்டணம் கிடையாது. கலிபோர்னியாவில், ஆதாரங்கள் கிடைத்த 40 நாளுக்குள் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். மற்ற மாநிலங்களில் கணக்கு வேறு. பப்ளிக் அட்ஜஸ்டர் என்று உங்கள் தரப்பில் வாதாடித் தருபவர்கள் தேடி வருவார்கள். கிடைக்கும் தொகையில் சதவீதம் எடுத்துக்கொள்வார்கள். 30,000 டாலர் பாலிசிக்கு அது தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

கடைசியாக, இழுப்பறையில் இருந்த ரொக்கம். இன்சூரன்ஸில் அந்த 200-க்கு மேல் வராது. ஆனால் கருகிய டாலர் நோட்டுகளைப் பிரிக்காமல், தட்டி உதறாமல், இருக்கிற நிலையிலேயே பஞ்சு வைத்து ஒரு பெட்டியில் போடுங்கள். அமெரிக்க அரசின் நோட்டு அச்சகத்தில் சேதமான நோட்டுகளைப் பரிசோதித்து மாற்றித் தரும் பிரிவு ஒன்று இருக்கிறது, அதற்குக் கட்டணம் இல்லை. நோட்டில் பாதிக்கு மேல் தெளிவாக அடையாளம் தெரிந்தால் முழுத் தொகையும் கிடைக்கும்.