சும்மா இருக்கிறவர்

கேள்வி: என் மாமனாரை ஆபரேஷனுக்காகப் புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். அத்தை நாள் முழுக்கப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறார், வீட்டுக்குக் கூப்பிட்டால் வருவதில்லை. அன்பு நோயைக் குணமாக்கும் என்பதெல்லாம் உண்மையா?
— வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: "சும்மா" என்று எழுதிவிட்டீர்களே, அதற்குத்தான் முதலில் பதில்.

என் அப்பா பதினோரு நாள் படுத்திருந்தபோது அம்மாவும் இப்படித்தான் "சும்மா" இருந்தார். சலைன் சொட்டு நின்றால் நர்ஸைக் கூப்பிடுவார். கஞ்சியை ஆற்றி நாலு ஸ்பூனாவது உள்ளே போகவைப்பார். முதுகு புண்ணாகாமல் புரட்டிப் படுக்கவைப்பார். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தால், ராத்திரி எத்தனை தடவை இருமினார் என்று சொல்ல அம்மாவைத் தவிர ஆள் கிடையாது. இரவில் ஸ்டூலில் உட்கார்ந்து, தலையைக் கட்டில் ஓரம் சாய்த்து, போர்வைக்குள் கைவிட்டு அப்பாவின் கால் கட்டைவிரலைப் பிடித்தபடி தூங்குவார். ஒருநாள் தண்ணீர் பிடிக்க எழுந்து போனார். அதுவரை அசையாமல் கிடந்த அப்பா, கண்ணைத் திறக்காமலே "எங்கே போயிட்டா?" என்றார்.

கட்டியை அறுப்பது டாக்டரின் கத்திதான். ஆனால் பயத்தை எது அறுக்கும்? அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் கோனும் கூட்டாளிகளும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், 16 மணமான பெண்களை ஸ்கேனுக்குள் படுக்கவைத்து, லேசாக ஷாக் அடிக்கலாம் என்று சொல்லி மூளையைப் பார்த்தார்கள். முன்பின் தெரியாதவர் கையைப் பிடித்தபோது பரபரப்பு கொஞ்சம் அடங்கியது. கணவர் கையைப் பிடித்தபோது நன்றாகவே அடங்கியது. அதற்கு முந்தைய வருடம் வந்த இன்னோர் ஆய்வில், கடுகடுவென்று பேசிக்கொள்ளும் தம்பதிகளுக்குத் தோலில் உண்டான சின்னக் காயம்கூட ஆற நாளானது. ஆகவே பில் கணக்கை வார்டில் வைத்துப் பேசாதீர்கள்.

உங்கள் கடலூர்க்காரர்களுக்கு நான் இதைச் சொல்லவே வேண்டாம். திருப்பாதிரிப்புலியூர் சமண மடத்தில், வயிற்றைக் குடையும் சூலை நோயில் துடித்தவர் நம் அப்பர். மடத்தார் வைத்தியம் பலிக்கவில்லை. சமையல்காரரை அனுப்பி அக்காவுக்குச் சொல்லிவிட்டார். சமணர் இடத்துக்கு வரமாட்டேன் என்றார் அக்கா திலகவதியார். தம்பி வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு, கை கொடுத்தவர்கள் மேல் ஊன்றி, ராத்திரியோடு ராத்திரியாகத் திருவதிகை போய் அக்கா காலில் விழுந்தார். அந்தத் தம்பிக்காகவே உயிரை வைத்திருந்தவர் அக்கா. விபூதி கொடுத்துக் கோயிலுக்குக் கூட்டிப்போனார், தம்பி பாடினார், வலி தீர்ந்தது என்று சேக்கிழார் சொல்கிறார். மேடைப் பேச்சாளர்களோடு எனக்குப் பழைய சண்டை ஒன்று உண்டு: எல்லோரும் விபூதிக்குத் தாவிவிடுகிறார்கள். அவ்வளவு தூரம் தாங்கிப்போன அந்தக் கைகளைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. அவர்கள் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை.

அப்புறம், இந்தப் பக்கத்தில் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருப்பதை மறுபடியும் கேட்கிறேன். ஒவ்வொரு கட்டிலுக்கும் பக்கத்தில், துணைக்கு இருப்பவர் கால் நீட்டிப் படுக்க ஒரு பெஞ்ச் வேண்டும். வராந்தாவில் செய்தித்தாள் விரித்துப் படுக்கிறவர்களைத் தாண்டிக்கொண்டு போக எனக்குக் கால் வரவில்லை.

சரி, அத்தையை வீட்டுக்குக் கூப்பிடுவதை நிறுத்துங்கள். இன்று சாயங்காலம் பாண்டி பஸ் ஏறும்போது ஒரு தலையணையும் ஃபிளாஸ்க்கில் சூடாகக் காப்பியும் எடுத்துப் போங்கள். அவர் நாலு மணி நேரம் தூங்கட்டும், ஸ்டூலில் நீங்கள் உட்காருங்கள்.