பூவை மட்டும் அனுப்பாதீர்கள்: மரம் அடையாளம், கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் மஞ்சள் பூ. கைக்கு வந்த வரிசையிலேயே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: கொன்றை என்று நினைத்துப் படம் எடுத்தேன். நண்பர் இயல்வாகை என்கிறார். யார் சொல்வது சரி?

நண்பர் சொல்வதுதான். பூங்கொத்து சரமாகக் கீழே தொங்கினால் சரக்கொன்றை. சரம் ஒரு முழம் வரைகூட நீளும். உங்கள் படத்தில் கொத்து நிமிர்ந்து நிற்கிறது. ஓரத்தில் தெரியும் மொட்டுகள் துருப்பிடித்த ஆணியின் நிறத்தில் இருக்கின்றன. இலையும் இரட்டைச் சிறகிலை, அதாவது காம்பு கிளைவிட்டு, அந்தக் கிளைகளில் சின்ன இலைகள் வரிசையாக நிற்பது. இதற்கு மேல் சந்தேகம் வேண்டாம். கொத்து நிமிர்ந்திருந்து, இலை ஒற்றைச் சிறகிலையாக (ஒரே காம்பின் இருபுறமும் சின்ன இலைகள்) இருந்தால் மட்டும் மஞ்சள் கொன்றையா என்று பாருங்கள். காய் கிடைத்தால் இன்னும் சுலபம். சரக்கொன்றைக் காய் உருளையாக, கறுப்பாக, இரண்டடி வரை போகும். மற்ற இரண்டுக்கும் தட்டைக் காய்.

கேள்வி: வெள்ளைப் பூக்கள் எல்லாம் படத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரி வருகின்றன. கேமராவில் கோளாறா?

கோளாறு எதுவும் இல்லை. எக்ஸ்போஷரை, அதாவது கேமரா உள்ளே வாங்கும் வெளிச்சத்தை, முக்கால் ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). போன் என்றால் பூவைத் தொட்டுவிட்டு வெளிச்சத்தைக் கீழே இழுங்கள். சிவப்புக்கும் இதே வைத்தியம்தான். முள்முருங்கையையும் குல்மொகரையும் நல்ல வெயிலில் எடுத்தால் சிவப்பு மட்டும் வழிந்து, இதழின் நரம்பெல்லாம் காணாமல் போய்விடும். மேகம் வந்து மூடும்வரை கொஞ்சம் காத்திருங்கள். வானத்தைப் பின்னணியாக வைத்து முழு மரத்தை எடுக்கும்போது நேர்மாறு: ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும், இல்லையென்றால் மரம் கரிக்கட்டை ஆகிவிடும்.

கேள்வி: இது என்ன மரம்?

கடிதத்தில் இவ்வளவுதான், கூடவே ஒரு படம். பதில்: தெரியாது. இந்தப் படத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. இளஞ்சிவப்பில் இரண்டு இதழ்கள், பின்னால் எல்லாம் மங்கல். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மரம் எங்கே? இலை எங்கே? இந்த நிறத்தில் தபேபியா உண்டு, மந்தாரை உண்டு, கொன்றை வகை ஒன்றும் உண்டு. ஒவ்வொரு முறையும் சொல்கிறேன், திரும்பவும் சொல்கிறேன்: பூவை மட்டும் அனுப்பாதீர்கள். பூ சில வாரம் இருக்கும். மற்ற நாளெல்லாம் அந்த மரத்தை இலையும் பட்டையும் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு மரத்துக்கு ஆறேழு படமாவது வேண்டும். தள்ளி நின்று முழு மரம். நெஞ்சுயரத்தில் பட்டை. இலையின் மேல்புறம், அடிப்புறம். பூ முன்னாலிருந்து, பக்கவாட்டில், பின்னாலிருந்து. பின்பக்கம் எடுத்தால்தான் புல்லிவட்டம், அதாவது இதழ்களுக்கு வெளியே அடியில் இருக்கும் புல்லிகளின் வளையம், தெரியும். காய் மரத்தில் இல்லையென்றால் கீழே தேடுங்கள், போன பருவத்துக் காய் எங்காவது கிடக்கும். பக்கத்தில் ஓர் அளவுகோல் வையுங்கள்.

அப்புறம், கிட்டத்தட்ட எல்லோரும் விட்டுவிடுவது ஒன்று உண்டு: இலை கிளையோடு சேரும் இடம். பாதி விடை அங்கேதான் இருக்கிறது. வேப்பிலை என்று ஒன்றைக் கிள்ளிக் காட்டுவீர்கள். அது இலை இல்லை, சிற்றிலை. காம்பும் கிளையும் சேரும் கக்கத்தில் அரிசி நுனி அளவுக்கு ஒரு மொட்டு உட்கார்ந்திருக்கும். அந்த மொட்டுக்கு வெளியே நீள்வது எல்லாம் சேர்ந்துதான் ஓர் இலை. சிற்றிலையின் அடியில் அந்த மொட்டு இருக்காது. இது பிடிபட்ட பிறகு, இலைகள் எதிரெதிராக நிற்கின்றனவா, மாறி மாறி நிற்கின்றனவா என்று பாருங்கள். உங்கள் மரத்தில் இலைகள் எதிரெதிராக நின்று, ஒவ்வொன்றும் விரித்த கைபோல் ஐந்து சிற்றிலையோடு இருந்தால், பூவும் புனல் வடிவமாக இருந்தால், தபேபியா. இலை ஆட்டுக்குளம்பு போலப் பிளந்திருந்தால் மந்தாரை. போய்ப் பார்த்து எழுதுங்கள். கிளையை ஒடித்துக்கொண்டு வராதீர்கள். விழுந்த பூ போதும்.

கேள்வி: மந்தாரையில் ஊதாப் பூ பூப்பது இரண்டு மூன்று வகை என்கிறார்களே?

நிறத்தை நம்பாதீர்கள். பல வருடம் நான் நிறத்தை வைத்தே பெயர் எழுதினேன், அத்தனையையும் பின்னால் திருத்த வேண்டியிருந்தது. விழுந்த பூ ஒன்றை உள்ளங்கையில் வைத்து, வளைந்து நீண்டிருக்கும் மகரந்தத் தாள்களை எண்ணுங்கள். ஐந்து இருந்து, இதழ்கள் அகலமாக ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தால் பாஹினியா வேரிகேட்டா (பாஹினியா என்பது மந்தாரை வகைகளின் அறிவியல் பெயர்). மூன்று இருந்து, இதழ்கள் ஒல்லியாக இடைவெளி விட்டிருந்தால் பாஹினியா பர்பூரியா. ஐந்து தாள், ஆனால் மரம் காயே பிடிப்பதில்லை என்றால் பிளேக்கியானா என்ற கலப்பினம். ஹாங்காங் கொடியில் இருக்கும் பூ அதுதான்.

கேள்வி: மரத்தின் பெயர் சொல்லும் செயலி தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் உறுதி என்கிறது. நம்பலாமா?

எத்தனை படம் கொடுத்தீர்கள் என்று எழுதவில்லை. ஒன்றுதான் என்று நினைக்கிறேன். பூவை மட்டும் கொடுத்தால் அது பூவோடு மட்டும்தான் ஒப்பிடும். பிளான்ட்நெட் என்ற செயலியில் இலை, பூ, காய், பட்டை என்று தனித்தனியாகக் குறித்துக் கொடுக்க வசதி இருக்கிறது, பயன்படுத்துங்கள். செயலி சொல்வதை ஒரு துப்பாக எடுத்துக்கொண்டு, அந்த இனத்தின் இலையும் காயும் உங்கள் மரத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று நீங்களே பாருங்கள்.

கேள்வி: எங்கள் அசோக மரத்தில் பச்சை நிறத்தில் நட்சத்திரம் போலப் பூ வந்திருக்கிறது. அபூர்வமா?

அசோகம் இல்லை, நெட்டிலிங்கம். அதன் பூ எப்போதும் பச்சைதான், இலைக்குள் மறைந்திருப்பதால் கவனித்திருக்க மாட்டீர்கள். ஆறு இதழ், சீத்தாவின் குடும்பம். உண்மையான அசோகம் பயறுக் குடும்பம். ஆரஞ்சிலிருந்து சிவப்புக்கு மாறும் கொத்துகள் அடிமரத்திலேயேகூட வரும். அதற்கு இதழே கிடையாது, இதழ் போலத் தெரிவது நான்கு புல்லிகள். பழைய புத்தகங்களில் நெட்டிலிங்கத்தைப் பாலியால்தியா என்ற அறிவியல் பெயரில் தேடுங்கள், புதியவற்றில் மோனூன்.

கேள்வி: பூவரசில் மஞ்சள் பூவும் செவ்வூதாப் பூவும் ஒரே கிளையில். ஒட்டுப் போட்டதா?

இல்லை. புதுப் பூ மஞ்சள், வாடும்போது செவ்வூதா.

கேள்வி: உயரமான மரங்கள் பின்னால் சாய்ந்து விழுகிற மாதிரி வருகின்றன.

போனை அண்ணாந்து பிடிக்கிறீர்கள். மரத்தின் உயரத்தைப் போல மூன்று மடங்கு தூரம் பின்னால் போய், போனை நேராகப் பிடித்து, 2எக்ஸில் எடுங்கள். 0.5எக்ஸ் பக்கம் போகவே வேண்டாம்.

கேள்வி: படத்தில் உள்ள மரத்தின் பட்டையைக் கஷாயம் வைத்துக் குடிக்கலாமா?

கூடாது. படத்தைப் பார்த்து மருந்து சொல்ல மாட்டேன். அரளி வகைகள் உயிரையே எடுக்கும், தில்லையின் பால் கண்ணில் பட்டால் பார்வை போகும். பெயர் உறுதியான மரத்தையும் என் பேச்சை வைத்து வாயில் போடாதீர்கள்.

கேள்வி: முழு மரம், பட்டை, இலை இரண்டு புறமும், பூ, காய் என்று ஏழு படம் இணைத்திருக்கிறேன். புன்னை என்று நினைக்கிறேன். சரியா?

புன்னைதான். இலைப் படம் ஒன்றே போதும்: இலைகள் எதிரெதிராக, நடுநரம்பிலிருந்து பக்க நரம்புகள் சீப்புப் பல் போல நெருக்கி நெருக்கி. அளவுக்குத் தீக்குச்சி வைத்தது மிகவும் உதவியது, இலை மூன்று குச்சி நீளம் என்று பார்த்ததும் தெரிந்தது. வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் தாள்கள், உருண்டைக் காய், எல்லாம் பொருந்துகின்றன. பட்டையை மட்டும் வெயில் சாயும் நேரத்தில் இன்னொரு முறை எடுங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது வெடிப்பின் ஆழம் தெரியும்.