மக்ரோஸ் மடத்தின் ஒளிப்படம்: 320 யூரோ தரலாமா?

கேள்வி: நானும் என் கணவரும் அயர்லாந்தின் கார்க் நகரில் வசிக்கிறோம். கிலார்னி தேசியப் பூங்காவில் உள்ள மக்ரோஸ் மடத்துக்குச் சென்று, அதன் உள்முற்றத்தில் நிற்கும் யூ மரத்தைச் சுற்றி நடந்த மாலைப்பொழுதை எங்களால் மறக்க முடியவில்லை. அதே உள்முற்றத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுத்த ஒரு படத்தை அயர்லாந்தைச் சேர்ந்த ஒளிப்படக் கலைஞர் ஒருவர் இணையத்தில் விற்கிறார். 60 சென்டிமீட்டருக்கு 40 சென்டிமீட்டர் அளவுள்ள அச்சின் விலை, சுவரில் மாட்டும் சட்டம் (ஃபிரேம்) இல்லாமலே 320 யூரோ. ‘ஜிக்லே அச்சு, அருங்காட்சியகத் தரம், ஒவ்வோர் அளவிலும் 50 படிகள் மட்டுமே’ என்று குறிப்பிட்டிருக்கிறார்; மொத்தம் மூன்று அளவுகள் உள்ளன. இதே மடத்தின் சுவரொட்டி 25 யூரோவுக்குக் கிடைக்கிறது. இவ்வளவு விலை தருவது நியாயமா? ஆர்டர் கிடைத்த பிறகுதான் அச்சிடுவதால் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டோம் என்கிறார்களே, அது சரியா?

பதில்: கொடுக்கலாம், ஆனால் விற்பவர் விளம்பரத்தில் எழுதியிருக்கும் மூன்று சொற்களுக்காக அல்ல, அவர் எழுதாமல் விட்ட சில விவரங்களை எழுத்தில் தந்தால் மட்டுமே.

‘ஜிக்லே’ என்பது 1991ஆம் ஆண்டில் ஜாக் டுகேன் என்ற அச்சுக் கலைஞர், மையைத் தெளிப்பதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து உருவாக்கிய பெயர். மைத்தெளிப்பு அச்சுக்கு அது ஒரு கௌரவமான பெயரே தவிர, தரத்துக்கான முத்திரை அன்று. ‘அருங்காட்சியகத் தரம்’ என்பதையும் எவர் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். நீங்கள் கேட்க வேண்டியது இரண்டு விவரங்கள்: மை நிறமி மையா, சாய மையா? காகிதம் எந்த நிறுவனத்துடையது, அதன் பெயர் என்ன? நிறமி மையின் நுண்துகள்கள் வெளிச்சத்தைப் பல பத்தாண்டுகள் தாங்கும். சாய மை அதைவிட விரைவில் வெளிறும். காகிதம் அமிலமற்றதாகவும், இயன்றால் முழுப் பருத்தியாலானதாகவும் இருக்க வேண்டும். மரக்கூழில் செய்த மலிவான காகிதம் காலப்போக்கில் மஞ்சளித்துவிடும் என்பதால், வெண்மையை நம்பி நிற்கும் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அது பெருங்கேடு. நல்ல அச்சாளர்கள் இவற்றைக் கேட்காமலே சொல்வார்கள். ‘உயர்தரக் காகிதம்’ என்று மட்டுமே விடை வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

உங்கள் படத்தில் காகிதத்தின் பங்கு வழக்கத்தைவிட அதிகம். மக்ரோஸ் 1448ஆம் ஆண்டில் அப்பகுதியின் குலத்தலைவர் டோனல் மக்கார்த்தி மோர், பிரான்சிஸ்கன் என்ற கத்தோலிக்கச் சபையின் துறவியருக்காக நிறுவிய மடம். (மடாதிபதியின் கீழ் இயங்கும் பெருமடத்தைக் குறிக்கும் ‘அபி’ என்ற சொல்லை விற்பவர் எழுதியிருந்தால் ஐயப்பட வேண்டாம், அது பிரான்சிஸ்கன் துறவியரின் மடமே என்றாலும், ஊரார் அப்படித்தான் அழைக்கிறார்கள்.) நான்கு புறமும் வளைவுகள், அவற்றுள் சில அரைவட்டமாகவும் சில கூர்முனையோடும், நடுவில் முறுக்கிய தண்டோடு, சுவர்களை மீறி வளர்ந்து, முற்றம் முழுவதையும் நிழலாக்கும் யூ மரம். மேலே வானம் கண்ணைக் கூசச் செய்யும். வளைவுகளுக்கு உள்ளே கிட்டத்தட்ட இருள். இந்த இரண்டையும் ஒரே படத்தில் பிடிப்பதில்தான் கலைஞரின் திறமை வெளிப்படும். பட்டையின் முறுக்கும் வளைவின் உட்புறக் கல்லும் நிழலுக்குள்ளும் தெரிகின்றனவா என்று பாருங்கள். அங்கே வெறும் கறுப்புத் திட்டு இருந்தால், எவ்வளவு உயர்ந்த காகிதமும் அதை மீட்டுத் தராது. கணினித் திரை ஒளியை உமிழ்வதால் நிழல்கள் அச்சில் இருப்பதைவிட அதில் தெளிவாகத் தோன்றும். ஆகவே அந்த நிழற்பகுதியை மட்டும் அதே காகிதத்தில் உள்ளங்கை அளவுக்கு அச்சிட்டு அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். கட்டணம் பெற்றுக்கொண்டு பலர் அனுப்புகிறார்கள். அந்தச் சிறு செலவை நான் வீண் என்று கருதமாட்டேன்.

அளவைப் பற்றியும் ஒரு கணக்கு. 60க்கு 40 சென்டிமீட்டர் என்பது ஏறக்குறைய 24க்கு 16 அங்குலம். தெளிவான அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் (பிக்சல்கள்) வேண்டுமானால் 7200க்கு 4800, அதாவது ஏறத்தாழ 3.45 கோடிப் புள்ளிகள் தேவை. 2.4 கோடிப் புள்ளிகள் கொண்ட கேமராவில் எடுத்திருந்தாலும் அங்குலத்துக்கு 250 கிடைக்கும், அது போதும். ஆனால் அதே கோப்பை 90க்கு 60 சென்டிமீட்டராகப் பெரிதாக்கினால் 167க்கு இறங்கிவிடும். தொலைவிலிருந்து பார்க்க அது குறையாகத் தெரியாது. கல்லின் பாசியையும் விரிசலையும் பார்க்க அருகில் செல்பவருக்குத் தெரியும். நீங்கள் தேர்ந்த அளவே பொருத்தமானது.

இனி அந்த ‘50 படிகள்’. ஓர் அளவுக்கு 50 என்றால் மூன்று அளவுகளுக்கும் சேர்த்து 150 படிகள். கலைஞர் தமக்கென வைத்துக்கொள்ளும் படிகள் தனி. ஐரோப்பிய ஒன்றியத்தின் மதிப்புக் கூட்டு வரிச் (வாட்) சட்டம் ஓர் ஒளிப்படத்தைக் கலைப்படைப்பாக ஏற்க என்ன கேட்கிறது தெரியுமா? கலைஞரே எடுத்து, அவரோ அவருடைய மேற்பார்வையில் பிறரோ அச்சிட்டு, கையொப்பமும் எண்ணும் இட்டு, எல்லா அளவுகளையும் சேர்த்து 30 படிகளுக்குள் இருக்க வேண்டும். அந்த வரையறையை அளவுகோலாகக் கொண்டால், 150 படிகள் உள்ள ஒன்றை அரிய பொருள் என்று சொல்லி விலையை உயர்த்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. பின்னாளில் விலை ஏறும் என்ற எண்ணத்தில் வாங்காதீர்கள். மையும் காகிதமும் கலைஞரின் உழைப்பும் சரியாக இருந்து, அந்த மாலைப்பொழுதை அது உங்களுக்கு மீட்டுத் தருமானால் 320 யூரோ தவறான விலை அன்று. கையொப்பம் படத்திலேயே இருக்கிறதா, தனிச் சான்றிதழில் மட்டுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

திருப்பித் தருவதைப் பொறுத்தவரை விற்பவர் சொல்வது சரியல்ல. இணையவழி வாங்குபவருக்குப் பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள், காரணம் சொல்லாமலே ஒப்பந்தத்திலிருந்து விலக ஒன்றியச் சட்டம் உரிமை தருகிறது; அயர்லாந்தில் அது 2022ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. வாங்குபவரின் தனி விருப்பத்துக்கென்றே செய்த பொருளுக்கு விலக்கு உண்டு என்பது உண்மைதான். ஆனால் விற்பவரே வகுத்துவைத்த மூன்று அளவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது தனி விருப்பத்துக்குச் செய்ததாகாது. ஆர்டருக்குப் பின் அச்சிட்டார் என்பது மட்டும் அதை மாற்றாது. நீங்கள் கேட்டபடி படத்தை வெட்டியோ உங்கள் பெயரை அச்சிட்டோ தந்திருந்தால் நிலை வேறு. திருப்பி அனுப்பும் செலவு பொதுவாக உங்களுடையதாகவே இருக்கும். குழாயில் சுருட்டி அனுப்பும்போது மூலை மடங்கிப்போனால், அவர் ஏற்பாடு செய்த அஞ்சலில் பொருள் உங்கள் கைக்கு வரும்வரை பொறுப்பு அவருடையதே. உறையைப் பிரிப்பதற்கு முன்பே அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டமிடும் கடையில் படத்தைப் பலகையில் பசையிட்டு ஒட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒட்டிவிட்டால் பிரிக்க முடியாது. அமிலமற்ற அட்டையும், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும் கேளுங்கள். அயர்லாந்தின் ஈரத்தில் வெளிச்சுவர்கள் குளிர்ந்து கசிவதுண்டு என்பதால், வீட்டின் உட்சுவர் ஒன்றில், நேர் வெயில் படாத இடத்தில் மாட்டுங்கள்.