பல வருடம் விட்டுப்போன உடம்பை மறுபடி தேற்ற முடியுமா?

வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, பதினைந்து வருடமாக உடம்பைக் கவனிக்கவே இல்லை, மறுபடி பழைய நிலைக்கு வர முடியுமா, எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே கேள்வியோடு நானும் உட்கார்ந்திருந்தேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

எனக்கு வயது 43. வீடு பழைய வண்ணாரப்பேட்டையில், ஹவுசிங் போர்டு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மண்ணடியில் ஒரு இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறேன். பள்ளிக்கூடத்திலும் காலேஜிலும் கபடி ஆடினேன், மாவட்ட அளவு வரை. 24 வயதில் கல்யாணம், ஆட்டம் அதோடு நின்றது. இரண்டு பிள்ளைகள், மாமியாருக்குப் பக்கவாதம், காலையில் சமையல், பகலெல்லாம் நாற்காலி. 17 வருடம் ஓடிவிட்டது.

41 வயதில் ஒரு ரத்தப் பரிசோதனையில் மூன்று மாத சராசரி சர்க்கரை (HbA1c) 6.1 சதவீதம் என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5 தொட்டால் சர்க்கரை நோய். எடை 78 கிலோ. இடுப்புச் சுற்றளவு 98 செ.மீ.; நம் ஊர்ப் பெண்களுக்கு 80க்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. ஆனால் அந்தக் காகிதத்தை விட என்னை உலுக்கியது வேறு ஒன்று. ஒன்பதாவது படிக்கிற என் மகள், "அம்மா, நீ கபடி ஆடினியாமே, மூச்சு பிடிச்சுக் காட்டு" என்றாள். கபடி கபடி என்று ஆரம்பித்தேன். 9 வினாடியில் மூச்சு அறுந்துவிட்டது. ஒரு ரெய்டுக்கு 30 வினாடி. நான் அதை முழுசாகப் பாடிவிட்டுத் திரும்பி வந்தவள். அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

மறுநாளே போய்ப் பக்கத்தில் ஒரு ஜிம்மில் ஒரு வருடப் பணத்தைக் கட்டினேன். நான் விளையாடியவள் என்று கேட்டதும் அங்கிருந்த பயிற்சியாளர் முதல் நாளே குதிக்கிற பயிற்சிகளைக் கொடுத்தார். நானும் மறுக்கவில்லை. 20 வயதில் செய்ததை மனசு அப்படியே ஞாபகம் வைத்திருந்தது, அதைத்தான் தேடிப் போனேன். மூன்றாவது வாரம் குதிகால் வலி வந்தது. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தால் ஆணி குத்துவது போல இருக்கும். ஜிம் அதோடு நின்றது.

எல்லோரிடமும் குதிகால் என்றுதான் சொன்னேன். நிஜக் காரணம் வேறு. குதிக்கும்போதெல்லாம் கொஞ்சம் சிறுநீர் கசிந்தது. இருமினாலும் தும்மினாலும் அப்படி ஆவது இரண்டாவது பிரசவத்திலிருந்தே இருந்தது, ஆனால் ஜிம்மில் நாலு பேர் நடுவில் அது ஆனபோது உடம்பே கூசிப்போனது. வீட்டுக்காரரிடம் கூடச் சொல்லவில்லை. இதை இங்கே எழுதலாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். பிரசவமான எத்தனையோ பெண்கள் இதனால்தான் பாதியில் விட்டுவிடுகிறார்கள், அதனால் எழுதுகிறேன். இதற்கு வழி இருக்கிறது.

குதிகாலுக்காகப் போன ஒரு பிசியோதெரபி அம்மாவிடம், கிளம்புகிற நேரத்தில், கதவருகே நின்றுகொண்டுதான் சொன்னேன். அவர் கொஞ்சமும் முகம் மாறாமல் மறுபடி உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். சிறுநீரையும் காற்றையும் அடக்குவோமே, அந்தத் தசையை உள்ளே மேல்நோக்கி இழுத்துப் பிடிக்க வேண்டும். முதலில் 3, 4 வினாடி, போகப்போக 10 வினாடி. அதே அளவு நேரம் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து, நாளைக்கு மூன்று தடவை. மூச்சை அடக்கக் கூடாது, வயிற்றையும் தொடையையும் இறுக்கக் கூடாது, சிறுநீர் கழிக்கும்போது செய்து பழகக் கூடாது. நான் மெட்ரோவில் உட்கார்ந்தபடியே செய்தேன், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. பலன் தெரிய மூன்று மாதம் ஆகும் என்றார். எனக்கு நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதமும் குதிப்பதைத் தொடவே இல்லை.

குதிகால் விஷயத்தில் அவர் சொன்ன காரணம் எல்லோருக்கும் பொருந்தும். விட்டுப்போன பயிற்சியை மறுபடி ஆரம்பிக்கும்போது இதயமும் மூச்சும் சில வாரத்திலேயே தேறத் தொடங்கும். தசையும் அப்படித்தான். ஆனால் தசையை எலும்போடு பிணைக்கிற நாண், குதிகாலுக்கு அடியில் இருக்கிற சவ்வு, இவை பழகுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். இரண்டு மூன்று வாரத்தில் "ஆஹா, பழைய தெம்பு வந்துடுச்சு" என்று தோன்றும். மூச்சு ஒத்துழைக்கும், நாம் வேகத்தைக் கூட்டுவோம், நாண் தயாராக இருக்காது. நிறையப் பேருக்கு அடிபடுவது அந்தச் சமயத்தில்தான். நீங்கள் எதை ஆரம்பித்தாலும் முதல் மூன்று மாதம், முடியும் என்று தோன்றுவதில் பாதியை மட்டும் செய்யுங்கள். என் வலிக்கு அவர் கொடுத்தது எளிய மருந்துதான்: சுவரில் கையூன்றிக் கெண்டைக்காலை நீட்டி 30 வினாடி நிற்பது, உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைப் பாதத்துக்கு அடியில் உருட்டுவது, வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு.

சரி, நடை. தினமும் பத்து நிமிடத்தில் ஆரம்பித்தேன். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டினேன். வேகம் எவ்வளவு என்றால், பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. இதுதான் டாக்டர்கள் சொல்கிற மிதமான வேகம். உலக சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் இந்த வேகத்தில், கூடவே வாரம் இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சி என்று இருக்கிறது. 150 என்றால் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி. அந்த அரை மணியை எட்டவே எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது, அதில் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

எங்கே நடப்பது என்பது எங்கள் பக்கத்தில் பெரிய கேள்வி. காசிமேடு பக்கம் கடலோரமாகப் போகலாம் என்றால் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும், புகையும் தூசியும் தொண்டையில் இறங்கும். எம்.சி. ரோடு கடைகள் திறந்துவிட்டால் நிற்கவே இடம் கிடையாது. கடைசியில் ராயபுரம் ராபின்சன் பூங்காதான் எனக்கு அமைந்தது. 1949ல் கொட்டும் மழையில் தி.மு.க. தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்த இடம். இன்றும் அங்கே நடக்க வருகிற பெரியவர்கள் அந்தப் பேச்சை எடுக்காமல் இருக்க மாட்டார்கள். விடியற்காலை ஐந்தரைக்கு நானும் கீழ்வீட்டு அக்காவும் போவோம். அந்த அக்கா மீன் வியாபாரம் செய்தவர். முதல் நாள் நான் வேகமெடுத்ததைப் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்கும்மா இப்டி ஓடுற, யாரு தொரத்துறாங்க" என்றார். அவர் நடைக்கு என் நடையைக் கட்டிக்கொண்டேன், அதுதான் என்னைக் காப்பாற்றியது. மழை நாளில் மொட்டை மாடி.

நடக்கத் தொடங்குவதை விட, அந்த முக்கால் மணி நேரத்தை வீட்டில் கேட்டு வாங்குவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அத்தையைக் காலையில் எழுப்பி, முகம் கழுவிவிட்டு, காபி கொடுக்க வேண்டும். "ஐந்தரையிலிருந்து ஆறேகால் வரைக்கும் நீங்க பாத்துக்கணும்" என்று வீட்டுக்காரரிடம் சொல்ல எனக்கு ஒரு வாரம் பிடித்தது. அவர் சரி என்று சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முதலில் நேரத்தைப் பேசி முடித்துவிடுங்கள், ஷூ வாங்குவதெல்லாம் அப்புறம்.

நடந்தும் எடை குறையவில்லையே என்று யாராவது மனம் உடைந்தால், எங்கள் ராயபுரத்திலேயே நடந்த ஒரு ஆய்வை நான் சொல்வேன். பேராசிரியர் எம். விஸ்வநாதன் 1954ல் தொடங்கிய சர்க்கரை நோய் மருத்துவமனை ராயபுரத்தில் இருக்கிறது. அப்போது அங்கே இருந்த டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் குழுவினரும், என்னைப் போலச் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரை மூன்று வருடம் தொடர்ந்து கவனித்து 2006ல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. தினம் அரை மணி நேரமாவது வேகமாக நடந்து, சாப்பாட்டைத் திருத்திக்கொள்ளச் சொன்ன குழுவில் அது 39 சதவீதம். இதில் என்னைத் தொட்டது, அந்தக் குழுவின் எடை பெரிதாகக் குறையவே இல்லை என்பது. எடைக்கல் நகராமலே உள்ளுக்குள் நல்லது நடந்திருக்கிறது. முதல் மூன்று மாதம் என் எடை ஒன்றரை கிலோதான் குறைந்தது. இதைப் படித்திராவிட்டால் நான் விட்டிருப்பேன்.

தசைப் பயிற்சிக்கு வருகிறேன். "வீட்டு வேலை செய்யறதே எக்சர்சைஸ்தானே" என்று நானும் 17 வருடம் நம்பினேன். கீழே அடிபம்பிலிருந்து மூன்று மாடி குடம் தூக்கியவள் நான். அதில் உழைப்பு இருக்கிறது, களைப்பும் இருக்கிறது, ஆனால் பாரம் கூடுவதில்லை. அதே குடம், அதே படி, எப்போதும் அதே இடுப்பு. தசை வளர வேண்டுமானால் கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் கூட வேண்டும், இரண்டு பக்கமும் சமமாக விழ வேண்டும். நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுவதில் ஆரம்பித்தேன், எட்டு தடவை. சுவரில் தண்டால். இரண்டு மாதம் கழித்து 5 கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுவது. இன்று நாற்காலி இல்லாமலே பஸ்கி 15, மூன்று சுற்று. செவ்வாயும் சனியும், 25 நிமிடம்தான்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. முன்பு விளையாடியவராக இருந்தால் தசை பலம் நீங்கள் எதிர்பார்ப்பதை விடச் சீக்கிரம் வரும். பயிற்சி செய்யும்போது தசை நாருக்குள் புதிய உட்கருக்கள் சேர்கின்றன. தசை மெலிந்த பிறகும் அவை தங்கிவிடுகின்றன என்று நார்வே ஆய்வாளர்கள் 2010ல் எலிகளில் காட்டினார்கள். மனிதர்களிடம் இது எந்த அளவுக்கு என்ற விவாதம் இன்னும் ஓடுகிறது. என் அனுபவத்தில் தொடைக்கு ஞாபகம் இருந்தது. மூச்சுக்கு இல்லை. மூச்சைப் புதிதாகத்தான் சம்பாதிக்க வேண்டியிருந்தது.

சாப்பாட்டில் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. கடையில் வருகிற நாலு டீயில் சர்க்கரையை நிறுத்தினேன். சாயங்கால பஜ்ஜி போய்ச் சுண்டல் வந்தது. சோற்றில் ஒரு கரண்டி குறைந்து, அந்த இடத்தில் முட்டையோ, நெத்திலி, மத்தி மாதிரி மலிவான மீனோ வந்தது. யாரோ சொன்னார்கள் என்று சோற்றையே நிறுத்தாதீர்கள். நான் பத்து நாள் நிறுத்திப் பார்த்து, பதினோராவது நாள் இரண்டு மடங்கு சாப்பிட்டேன்.

நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல் வந்தால் நிறுத்திவிட்டு உடனே டாக்டரைப் பாருங்கள். பிரஷருக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை எடுப்பவர் என்றால் ஆரம்பிப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். சில சர்க்கரை மாத்திரைகளோடு வெறும் வயிற்றில் நடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்.

இப்போது எடை 69, இடுப்பு 88, சர்க்கரை 5.7. எல்லாமே கோட்டுக்கு இன்னும் அந்தப் பக்கம்தான். நடுவில் டெங்கு வந்து ஆறு வாரம் ஒன்றும் செய்யவில்லை, மறுபடி பத்து நிமிடத்திலிருந்தே ஆரம்பித்தேன். மண்ணடி ஸ்டேஷனில் படிக்கட்டில்தான் ஏறுகிறேன், மேலே வந்ததும் போன் பேச முடிகிறது. கசிவு நின்றுவிட்டது. இரண்டு மாதமாக மொட்டை மாடியில் மகளோடு கொஞ்சம் கொஞ்சமாகக் குதிக்கவும் செய்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் செல்போனில் நேரம் வைத்தாள். கபடி கபடி என்று பாடிக்கொண்டே தண்ணீர்த் தொட்டி வரை போய்த் திரும்பினேன். 22 வினாடி. "இன்னும் எட்டு இருக்கும்மா" என்றாள்.