தாத்தாவின் பிக்கப்பை மகனுக்குச் சரிசெய்ய 12,000 வெள்ளி போடலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் தோட்ட வேலை, வயது 45. என் அப்பா வாங்கிய 2004 ஹைலக்ஸ் டீசல் பிக்கப் இன்னும் ஓடுகிறது, வார இறுதியில் செம்பனைக் குலையும் உரமும் ஏற்றுகிறேன். காலையில் ஒரே சாவியில் பிடித்துக்கொள்ளும், புகை இல்லை. மகனுக்கு 18, இப்போதுதான் லைசென்ஸ் எடுத்தான். ஈப்போ பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்திருக்கிறது, போக வர 60 கிலோமீட்டர். தாத்தா வண்டிதான் வேண்டும் என்கிறான். பட்டறையில் 12,000 வெள்ளி கேட்கிறார்கள்: இஞ்சின் ஓவர்ஹால் 5,500, பெயிண்ட் 2,500, ஸ்போர்ட் ரிம், டயர் 2,000, சீட், பிளேயர் 1,200, பிரேக் 800. கையில் 5,000 இருக்கிறது. மீதி 7,000-ஐ இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) மூன்றாவது கணக்கிலிருந்து எடுக்கலாமா?

பதில்: அண்ணே, எடுக்க வேண்டாம். அந்த மூன்றாவது கணக்கு, அதாவது ஃப்ளெக்சிபல் கணக்கு, எப்போது வேண்டுமானாலும் திறக்கும் என்பதால் அது உண்டியல் மாதிரித் தெரிகிறது, ஆனால் மற்றக் கணக்குகளுக்குக் கிடைக்கும் அதே லாப ஈவுதான் அதற்கும். 2024-க்கு 6.30 விழுக்காடு கொடுத்தார்கள். அந்த விகிதமே தொடர்ந்தால் உங்களுக்கு 60 வயதாகும்போது இந்த 7,000 ஏறத்தாழ 17,500 ஆகியிருக்கும். ஒவ்வோர் ஆண்டும் அதே விகிதம் வரும் என்று உறுதி இல்லை, இருந்தாலும் ரிம்முக்கும் பெயிண்டுக்கும் கொடுக்கிற பணம் அல்ல அது.

பட்டறைக் கணக்கை இன்னொரு தடவை பாருங்கள். பெயிண்டுக்கு 2,500, பிரேக்குக்கு 800. ஓட்டப்போவது, புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்களுக்கான பி ஸ்டிக்கர் இன்னும் ஒட்டியிருக்கிற பிள்ளை. அந்தக் காலத்துப் பிக்கப் பலவற்றில் ஏர்பேக்கும் இல்லை, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ் பிரேக்கும் இல்லை, பின்னால் சுமை இல்லாமல் மழையில் அழுத்திப் பிரேக் பிடித்தால் பின்சக்கரம் வழுக்கும். குலை ஏற்றியே ஓட்டிப் பழகிய உங்களுக்கு இது அவ்வளவாகத் தெரிந்திருக்காது, அவன் தினமும் காலி வண்டியில்தான் போவான்.

அதனால் முதலில் வண்டியைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். உரம் ஏற்றிய வண்டி என்பதால் எனக்குப் பயமே சாசியில், அதாவது அடிச்சட்டத்தில்தான், உரத்தின் உப்பு ஈரத்தோடு சேர்ந்து இரும்பை உள்ளிருந்து தின்னும். போன வருடம் என் மாமாவின் வண்டியில் மேலே பார்க்க எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கீழே ஸ்க்ரூ டிரைவரால் குத்தியபோது பின்பக்கச் சட்டத்துக்குள் நுனி அப்படியே இறங்கிவிட்டது, துருப்பொடி கையில் கொட்டியது. உங்கள் வண்டியும் அப்படி இருந்தால் ஒரு வெள்ளிகூடப் போடாதீர்கள்.

சாசி கெட்டியாக இருந்தால், என் கணக்கு இது: பிரேக் முழுவதும், ஹோஸ், மாஸ்டர் பம்ப் சேர்த்து 1,500, சாதாரண ரிம்மிலேயே நான்கு நல்ல டயர் 1,200, ஸ்டீயரிங் ஜாயிண்ட், அப்சோர்பர் 900, சீட் பெல்ட் 300. மொத்தம் 3,900, கையிலிருக்கும் பணத்திலேயே முடிந்துவிடும். விலை பட்டறைக்குப் பட்டறை கொஞ்சம் மாறும். புகை இல்லாமல் ஒரே சாவியில் பிடிக்கிற இஞ்சினுக்கு ஓவர்ஹால் எதற்கு? கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள், அளவு சரியாக இருந்தால் விட்டுவிடுங்கள். வண்டியை உயர்த்துகிற யோசனை இருந்தால் அதையும் விடுங்கள், ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி இல்லாமல் செய்தால் சம்மனும் வரும், காப்புறுதியிலும் சிக்கல் வரும்.

இப்போது நீங்கள் கேட்காத செலவு. மாதம் 22 நாள் என்றால் 1,320 கிலோமீட்டர். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுத்தால் 132 லிட்டர், டீசலை 3 வெள்ளி என்று வைத்தாலும் மாதம் 400 பக்கம். 2024 ஜூனில் தீபகற்ப மலேசியாவில் டீசல் மானியத்தை மாற்றியபோது விலை ஒரே நாளில் 2.15-இலிருந்து 3.35-க்குப் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். அரசாங்கத்தின் புடி டீசல் உதவிப் பணம் உங்களுக்கு வந்தாலும் அது உங்கள் செம்பனை ஓட்டத்துக்கே சரியாகப் போகும். ஒரு சின்ன பெட்ரோல் காடி லிட்டருக்கு 18 கிலோமீட்டர் ஓடினால், புடி95 என்கிற மானியப் பெட்ரோல் விலையான 1.99-க்கு மாதம் 150-தான். லைசென்ஸ் இருப்பதால் அவனுக்கும் தன் மைகார்ட்டில் (அடையாள அட்டையில்) அந்தச் சலுகை கிடைக்கும். மாதம் 250 வித்தியாசம், வருடம் பத்து மாதம் ஓடினால் மூன்று வருடத்தில் 7,500. அந்த 400 சம்பளத்திலிருந்து வராது என்றால் வார நாளில் விடுதியில் தங்கட்டும், வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வரட்டும், சனி ஞாயிறு உங்களோடு பிக்கப் ஓட்டட்டும். எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. முதல் சில மாதம் மழையில் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருப்பதுகூட ஒரு காரணம்.

காப்புறுதியில் பெயர் மாற்றாதீர்கள். தனியார் வண்டியாகப் பதிந்து, கிளெய்ம் இல்லாமல் ஓட்டி 55 விழுக்காடு என்சிடி (கிளெய்ம் செய்யாததற்கான கழிவு) சேர்த்திருந்தால் அது உங்களோடுதான் நிற்கும், மகன் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். அவன் பெயரை ஓட்டுநராகச் சேருங்கள். 21 வயதுக்குக் கீழ் என்பதால் சொந்த வண்டிக்குக் கிளெய்ம் செய்தால் முதல் 400 வெள்ளி உங்கள் கையிலிருந்துதான். வண்டி பத்து வருடத்தைத் தாண்டியதால் புதுச் சாமான் போட்டால் விலையில் 40 விழுக்காடு வரைக்கும் நீங்களே கட்ட வேண்டியிருக்கும். அதனால் முழுக் காப்புறுதிக்கு அதிகம் கொடுப்பதைவிட, மூன்றாம் தரப்போடு தீ, திருட்டு சேர்த்து எடுத்து, மகனுக்குத் தனியாக ஒரு விபத்துக் காப்புறுதி எடுங்கள். இன்னொன்று, பி லைசென்ஸ் காலத்தில் போக்குவரத்துக் குற்றங்களுக்கான டீமெரிட் புள்ளி 10 சேர்ந்தால் லைசென்ஸே ரத்தாகும், அவனிடம் சொல்லி வையுங்கள்.

தாத்தா வண்டி என்று அவன் ஆசைப்படுவது எனக்கு நன்றாகவே புரிகிறது, பெயிண்ட் வேலையை அவன் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு அவனே செய்யட்டும். இந்தச் சனிக்கிழமை வண்டியைத் தூக்கிப் பார்க்கும்போது மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள், சாசி எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.